வெளியே போகும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்... உள்ளே வரும் தண்ணீர்?

நீண்ட பதிவு இது. பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். படித்து முடித்ததும் உங்கள் வீட்டு சம்ப் மூடியைத் திறந்து டார்ச் அடித்து ஒரு தடவை உள்ளே பாருங்கள். எனக்கு அது போதும்.

நான் அரசு மருத்துவமனை மருத்துவர். வீடு திருமழிசை. கீழே ஒரு போர்ஷனில் அப்பா, அம்மா. பக்கத்துப் போர்ஷனில் வாடகைக்கு ஒரு இளம் தம்பதி. மேலே நானும் மனைவியும் ஐந்து வயது மகளும். வாசலில் ஒரு சம்ப். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் கறுப்பு டேங்க். சென்னையின் மேற்குப் புறநகரில் பத்துக்கு எட்டு வீடு இப்படித்தான் இருக்கும்.

போன செப்டம்பரில் ஒரு நாள் அப்பா சொன்னார்.

"டேய், காலைல அஞ்சு மணிக்கு மோட்டார் போட்டேன். மத்தியானம் திரும்பப் போட வேண்டியதா இருக்கு. முன்னாடியெல்லாம் ஒரு தடவை போட்டா ஒரு நாள் வருமே?"

நான் வழக்கமாக எல்லா மகன்களும் சொல்வதைச் சொன்னேன்.

"வெயில் காலம்பா. செலவு ஜாஸ்தி ஆகும்."

அடுத்த மின் கட்டணம் வந்தபோதுதான் உறைத்தது.

பிளம்பர் அண்ணன் வந்தார். பைப் லைனைப் பார்த்தார். பாத்ரூம் சுவரைத் தட்டிப் பார்த்தார். "டாக்டர் சார், கன்சீல்டு லைன்ல தான் போகுது. டைல்ஸை உடைச்சாத்தான் தெரியும்" என்றார்.

எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. வயிற்று வலி என்று வருகிறவரை நேராக ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போக மாட்டோம். எங்கே வலி, எப்போதிலிருந்து வலி என்று கேட்போம். கை வைத்துப் பார்ப்போம். ரத்தம், ஸ்கேன். கடைசியில்தான் கத்தி.

வீட்டுக்கு மட்டும் ஏன் முதலிலேயே கத்தி?

"அண்ணே, ரெண்டு நாள் டைம் குடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருடம் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. ஓய்வுக்கு முன் கொஞ்ச காலம் ஒரு வெளிநாட்டுக்காரரின் பாய்மரப் படகுக்கும் மெக்கானிக்காக இருந்தவர். நாங்கள் கப்பல் சார் என்போம். மாலையில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சிரித்தார்.

"டாக்டர் தம்பி, படகுல இது தினம் நடக்கிற கதை. அங்க மாடியில டேங்க் கிடையாது. டேங்க் அடியில இருக்கும். சின்னதா ஒரு பம்ப். டேப்பைத் திறந்தா பிரஷர் இறங்கும், பம்ப் ஓடும். மூடினா பிரஷர் ஏறும், பம்ப் நிக்கும். ராத்திரி எல்லாரும் தூங்குறப்ப, ஒருத்தரும் டேப்பைத் தொடாம, அந்த பம்ப் ரெண்டு செகண்டு ஓடி நிக்குதுன்னு வைங்க. என்ன அர்த்தம்?"

"எங்கேயோ ஒழுகுது."

"அவ்ளோதான். உடனே எதையும் பிரிக்கக் கூடாது. வால்வு வால்வா மூடிக்கிட்டே வரணும். எந்த வால்வை மூடினப்ப பம்ப் சத்தம் நிக்குதோ, அந்தப் பக்கம்தான் ஓட்டை."

இதை ஏன் அவ்வளவு அக்கறையாகச் செய்கிறார்கள் என்றால், நடுக்கடலில் தண்ணீர் லாரி வராது. புதுச்சேரியைச் சேர்ந்த நம் தமிழ்ப் பெண், கடற்படை அதிகாரி ரூபா, சக அதிகாரி தில்னாவுடன் தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வந்தது நினைவிருக்கும். 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பி 2025 மே 29-ல் திரும்பினார்கள். இரண்டே பேர். இந்த மாதிரிப் பயணத்தில் ஒவ்வொரு குடம் நல்ல தண்ணீருக்கும் கணக்கு உண்டு. நமக்கு ஒரு போன் போட்டால் லாரி வந்துவிடுகிறது. அதனால் நாம் கணக்குப் பார்ப்பதில்லை.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். நீங்களும் செய்து பார்க்கலாம். செலவு ஒரு ஸ்கேல், ஒரு சாக்பீஸ்.

முதல் சோதனை, மேல் டேங்க். ராத்திரி பத்து மணிக்கு டேங்கை நிரப்பி, உள்ளே குச்சியை விட்டு உயரத்தைக் குறித்துக்கொண்டேன். யாரும் தண்ணீர் புழங்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, டேங்கிலிருந்து கீழே இறங்கும் கேட் வால்வைத் திறந்தே வைத்தேன். காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் 12 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. எங்கள் டேங்கின் அகலத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 9 லிட்டர். ஆக ஏழு மணி நேரத்தில் நூறு லிட்டருக்கும் மேல் போயிருக்கிறது. ஒருவர்கூட டேப்பைத் தொடவில்லை.

இரண்டாம் நாள் அதே சோதனை. ஆனால் கேட் வால்வை மூடிவிட்டேன். காலையில் குறி அசையவில்லை. டேங்க் நல்லவன். குற்றவாளி கீழே.

மூன்றாம் நாள் ஒவ்வொரு பாத்ரூமாக ஆங்கிள் வால்வை மூடிக்கொண்டே வந்தேன். நடுவில் மனைவியின் யோசனை ஒன்று வேலை செய்தது. துணிக்குப் போடும் நீலத்தில் நாலு சொட்டு ஃப்ளஷ் டேங்கில் விட்டுவிட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் காத்திருந்தோம். அம்மா அப்பா பாத்ரூமில் கோப்பைக்குள் நீலக் கோடு இறங்கியிருந்தது. சத்தம் இல்லை, சொட்டு இல்லை. பீங்கானோடு ஒட்டி ஒரு மெல்லிய ஓட்டம்.

உள்ளே இருந்த ரப்பர் வாசர் தேய்ந்து போயிருந்தது. மாற்றினோம். நூறு ரூபாய்கூட ஆகவில்லை. டைல்ஸ் தப்பித்தது.

ஒரு சின்னக் கணக்கு. நாங்கள் ட்ரிப்ஸ் போடும் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. ஒரு விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. நாலே கால் லிட்டருக்கு மேல். குழாயிலிருந்து விழும் சொட்டு இதைவிடப் பெரியது. "சொட்டுதானே" என்று விடாதீர்கள்.

இது வரை கதை சுகம்.

அடுத்து சம்ப். எங்கள் சம்ப் ஆறடிக்கு ஐந்தடி. தண்ணீர் நிரம்பினால் ஐந்தடி உயரம் நிற்கும். ஒரு இன்ச் என்பது கிட்டத்தட்ட 70 லிட்டர். போர் தண்ணீரை நேராக மாடிக்கு ஏற்ற ஒரு பைபாஸ் லைன் உண்டு. அதனால் மூன்று நாள் சம்ப்பை யாரும் தொடாமல் விட முடிந்தது. உள்ளே வரும் வால்வையும் மூடிவிட்டேன்.

முதல் நாள் 60 இன்ச். அடுத்த நாள் 57. அதற்கடுத்த நாள் 55. மூன்றாம் நாளும் 55.

ஒழுகல் 55-ல் நின்றுவிட்டது.

இதுதான் முக்கியமான தடயம். தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றால், ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளியிலிருந்து தண்ணீர் வரும் பைப் சுவரைத் துளைத்து உள்ளே நுழையும் இடம். பைப்பைச் சுற்றி சிமென்ட் உதிர்ந்திருந்தது.

இந்த இடத்தில்தான் நான் புத்திசாலித்தனமாக ஒரு தப்புப் பண்ணினேன்.

கொத்தனாரைக் கூப்பிட்டு, சம்ப்பைக் காலி பண்ணி, உடைத்துப் பூசி, ஒரு வாரம் ஆற விட வேண்டும். யாருக்கு நேரம்? டூட்டி, நைட், கேம்ப். நான் யோசித்தேன். ஓட்டை 55 இன்ச்சில் இருக்கிறது. தண்ணீர் 50 இன்ச்சுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் ஒழுகாது அல்லவா?

பால் வால்வின் கம்பியைக் கீழே இறக்கி வளைத்துவிட்டேன். வேலை முடிந்தது. மோட்டார் பழையபடி ஒரு நாளைக்கு ஒரு தடவை. ஓட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் ஒழுகல் இல்லை.

அப்பா கூட "பரவால்லடா" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது அபூர்வம்.

அக்டோபர் பாதியில் மழை பிடித்தது.

மழைக்காலத்தில் திருமழிசைக்காரர்கள் செய்தியில் முதலில் பார்ப்பது செம்பரம்பாக்கம் ஏரியைத்தான். மொத்தம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இன்று எத்தனை அடி, எவ்வளவு திறக்கிறார்கள், எல்லாம் விரல் நுனியில் இருக்கும். நானும் தினம் பார்த்தேன். வாசலில் இருக்கும் சம்ப்பை மட்டும் ஒரு நாளும் பார்க்கவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் மகளுக்குக் காய்ச்சல்.

இரண்டு நாள் வைரல் என்று விட்டேன். மூன்றாம் நாள் டெங்கு டெஸ்ட் எடுத்தேன், இல்லை. ஐந்தாம் நாளும் காய்ச்சல் படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. சாப்பாடு வேண்டாம், வயிறு வலி, நாக்கில் வெள்ளைப் படிவம். நான் தினம் பத்துக் குழந்தைகளிடம் பார்க்கும் அதே படம். ரத்தக் கல்ச்சர் அனுப்பினோம். சால்மோனெல்லா டைஃபி வளர்ந்தது. டைஃபாய்டு.

அட்மிட் பண்ணி ஊசி போட்டோம். காய்ச்சல் இறங்க ஐந்து நாள் ஆனது. அவள் கையில் வென்ஃப்ளானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ராத்திரிகளில் எனக்கு ஒரு கேள்வி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

டைஃபாய்டு நோயாளியின் மலத்திலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகும் நோய். தண்ணீர் வழியாக, சாப்பாடு வழியாக. ஓபியில் டைஃபாய்டு வந்தால் நான் அம்மாக்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "எங்கம்மா தண்ணி குடிக்கிறீங்க?"

என் வீட்டில் நான் அதைக் கேட்கவில்லை. ஏன்? நாங்கள் குடிப்பது கேன் தண்ணீர். அதனால் பயமில்லை என்ற நினைப்பு.

ஆனால் பல் தேய்த்து வாய் கொப்பளிப்பது சம்ப் தண்ணீர். கொத்தமல்லி, தக்காளி கழுவுவது சம்ப் தண்ணீர். தட்டு, டம்ளர் அலசுவது சம்ப் தண்ணீர். குளிக்கும்போது குழந்தை ஷவரைப் பார்த்து வாயைத் திறக்கும். உங்கள் வீட்டுக் குழந்தையும் திறக்கும்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று மாலை கப்பல் சார் ஆப்பிளோடு வந்தார். பேச்சுவாக்கில் சம்ப்பைப் பற்றிக் கேட்டார். பால் வால்வை இறக்கிய சாமர்த்தியத்தைச் சொன்னேன்.

அவர் முகம் மாறியது.

"தம்பி, படகோட அடிவயித்துல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். பில்ஜ்னு சொல்வோம். அது திடீர்னு ஜாஸ்தியானா முதல்ல என்ன பண்ணுவோம் தெரியுமா? விரலை விட்டு நாக்குல வைப்போம். உப்பா இருந்தா கடல் உள்ள வருது. உப்பு இல்லைன்னா நம்ம டேங்க் வெளிய ஒழுகுது. ரெண்டும் பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணுல தாகம், இன்னொண்ணுல சாவு. நீங்க தண்ணி வெளிய போறதை நிறுத்திட்டீங்க, சரி. உள்ள வருதான்னு பார்த்தீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை.

அன்று ராத்திரி பத்து மணி. வெளியே தூறல். உள்ளே வரும் வால்வை மூடினேன், மோட்டார் சுவிட்சை இறக்கினேன், குச்சியை விட்டு அளந்தேன். 38 இன்ச்.

காலை ஐந்து மணி. 41 இன்ச்.

மூன்று இன்ச், இருநூறு லிட்டருக்கு மேல். வால்வு மூடியிருக்கிறது. மூடியில் மழை இறங்கவில்லை. பிறகு எங்கிருந்து?

டார்ச் அடித்தேன். அந்தப் பைப் ஓட்டையிலிருந்து சுவரோடு ஒட்டி ஒரு ஈரக்கோடு. லேசான பழுப்பு நிறம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், மண்ணுக்குள், ஏழடி தூரத்தில் எங்கள் செப்டிக் டேங்க்.

இப்போது புரிகிறதா?

செப்டம்பரில் சம்ப் நிறைய இருந்தபோது ஓட்டை தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீர் உள்ளிருந்து வெளியே தள்ளியது. நட்டம் தண்ணீரும் கரண்டும்தான். நான் தண்ணீர் மட்டத்தை இறக்கியதும் ஓட்டை காற்றில் தொங்கியது. மழை பெய்து மண் ஊறியதும், மண்ணில் இருந்த தண்ணீர், செப்டிக் டேங்கிலிருந்து கசிந்ததையும் சேர்த்துக்கொண்டு, அதே வழியாக உள்ளே வந்தது.

தண்ணீர் வெளியே போன வழி அது. நான்தான் அதை உள்ளே வரும் வழியாக மாற்றிக் கொடுத்தேன்.

தெருக் குழாயிலும் நடப்பது இதேதான். 24 மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடினால், பைப்பில் விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் போகும். நமக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம் விடுகிறார்கள். மீதி நேரம் பைப் காலி. அப்போது பக்கத்தில் தேங்கிய சாக்கடை உள்ளே கசியும். அதிலும் ஒருவர் தெருப் பைப்பில் நேராக மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால், ஸ்ட்ரா மாதிரி, தண்ணீரோடு சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். அது அவர் வீட்டுக்கு மட்டும் வராது. தெருவுக்கே வரும். அதனால்தான் அது சட்டப்படி தப்பு.

தண்ணீரைச் சோதித்தேன். முதலில் குளோரின். சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வரவில்லை. குடிநீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. எங்களுடையதில் பூஜ்யம். அடுத்து சுகாதார ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எச்2எஸ் பாட்டில். தண்ணீரை ஊற்றி ஒரு நாள் வைத்தால், மலக் கலப்பு இருந்தால் கறுப்பாகும்.

மறுநாள் மாலை பாட்டில் தார் மாதிரி கறுத்திருந்தது.

உடனே சம்ப் லைனை மூடினேன். போர் தண்ணீரை நேராக மாடிக்கு ஏற்றினேன். மேல் டேங்கைக் கழுவி ப்ளீச்சிங் போட்டேன். கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினேன்.

எல்லாம் செய்தேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை.

கீழ் போர்ஷன் தங்கச்சிக்கு அப்போது ஏழாம் மாதம்.

அவர்கள் கேன் தண்ணீர் வாங்குவதில்லை. குழாய்த் தண்ணீரைச் சாதாரண ஃபில்டரில் ஊற்றிக் குடிப்பவர்கள். மூன்று வாரமாக அந்தத் தண்ணீர்.

மருத்துவம் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு பெயர் தோன்றாமல் இருக்காது. ஹெபடைடிஸ் ஈ. மஞ்சள் காமாலை வைரஸ்களில் ஒன்று. தண்ணீரில் மலம் கலந்தால் பரவும். 1955-56-ல் டெல்லியில் யமுனையிலிருந்து குடிநீர் எடுக்கும் இடத்துக்குள் சாக்கடை புகுந்து சுமார் 29,300 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அந்த வைரஸுக்கு அப்போது பெயரே கிடையாது. பல வருடம் கழித்துத்தான் அது ஹெபடைடிஸ் ஈ என்று தெரிந்தது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகச் சரியாகும். கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதத்தில், நூற்றுக்கு இருபது பேர் வரை உயிரிழக்கக்கூடும்.

உடலில் புகுந்து அறிகுறி காட்ட 2 முதல் 10 வாரம் வரை ஆகலாம். அதாவது, நான் தண்ணீரை மாற்றிவிட்டேன் என்பதால் கதை முடியவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால்தான், வாந்தி, சோர்வு, மஞ்சள் சிறுநீர் என்று ஏதாவது வந்தால் "மாசமா இருக்கிறதால இப்படித்தான்" என்று விடாமல் அன்றே ஓடி வருவாள்.

இதெல்லாம் தெரிந்தும் இரண்டு நாள் நான் சொல்லவில்லை.

காரணம் சொல்கிறேன். பயப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். மீதி, வீட்டுக்காரன் என்ற வெட்கம். வீட்டைக் காலி பண்ணிவிடுவார்களோ, தெருவில் பேச்சாகிவிடுமோ என்ற கணக்கு. டாக்டர் வீட்டுத் தண்ணீரில் சாக்கடை என்று யாராவது சொன்னால்?

மனைவியிடம் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க ஓபிக்கு வர்ற ஒரு வீட்டுக்காரர் இப்படி மறைச்சார்னு தெரிஞ்சா, அவரை என்ன சொல்லுவீங்க?"

நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத முடியாது.

அன்று ராத்திரியே கீழே போனேன். அவள் கணவரும் இருந்தார். உட்காரச் சொல்லி, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். ஓட்டை, பால் வால்வு, கறுத்த பாட்டில், இரண்டு நாள் நான் சொல்லாமல் இருந்தது, எல்லாம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவள் சொன்னாள்.

"நீங்க டாக்டர்னு சொல்லித்தான்ணா எங்க அம்மா இந்த வீட்டுக்கே சம்மதிச்சாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் ரத்தப் பரிசோதனை செய்தோம். கல்லீரல் சரியாக இருந்தது. இரண்டு வாரம் விட்டு மறுபடி, அதற்குப் பிறகும் ஒரு தடவை. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் என் மகளின் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்த அதே கையோடு திறந்தேன். எல்லாம் நார்மல். ஜனவரியில் அரசு மருத்துவமனையில் பையன் பிறந்தான். மூன்று கிலோ. இன்னும் எங்கள் கீழ் போர்ஷனில்தான் இருக்கிறார்கள். அவள் அம்மா மட்டும் என்னிடம் முன்பு போலப் பேசுவதில்லை. அது நியாயம்.

என் மகளுக்கு டைஃபாய்டு சம்ப்பிலிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பள்ளி வாசலில் சாப்பிட்ட ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம். ஆனால் நிரூபிக்க முடியாது என்பதை நான் ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. 1854-ல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், வீடு வீடாகப் போய் இறந்தவர்கள் எந்தப் பம்பில் தண்ணீர் பிடித்தார்கள் என்று விசாரித்தார். காலராக் கிருமி அவருக்குத் தெரியாது. இருந்தும் அவர் சொன்னதைக் கேட்டு அந்த அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். எனக்குக் கிருமி, பெயர், மருந்து எல்லாம் தெரியும். என் வாசலில் இருந்த கைப்பிடியைக் கழற்ற எனக்கு மூன்று வாரம் ஆனது.

சம்ப்பைச் சரி செய்தது எப்படி என்று கேட்பீர்கள்.

காலி செய்து, பைப் சுவரைத் துளைக்கும் அந்த வழியையே அடைத்தோம். இப்போது பைப் தரைக்கு மேலாக வந்து, மூடிக்குப் பக்கத்தில் இறங்குகிறது. மண்ணுக்குள் ஓட்டையே கிடையாது. உள்சுவர் முழுக்க வாட்டர் ப்ரூஃப் பூச்சு. செப்டிக் டேங்கின் அந்தப் பக்கச் சுவரையும் பூசினோம். மூடியைச் சுற்றி அரையடி உயரத்தில் கட்டை எழுப்பினோம், தெருத் தண்ணீர் வழியாமல் இருக்க. பதினாலாயிரம் ஆனது. செப்டம்பரிலேயே செய்திருந்தாலும் அதேதான் ஆகியிருக்கும்.

இனி உங்களுக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. மோட்டார் வழக்கத்தைவிட அதிகம் ஓடினால் வெயிலைக் குறை சொல்லாதீர்கள். ராத்திரி குறி வைத்து, காலையில் பாருங்கள். வால்வைத் திறந்து ஒரு நாள், மூடி ஒரு நாள்.

2. ஃப்ளஷ் டேங்கில் நீலம் நாலு சொட்டு. அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்கள். கோப்பையில் நீலம் வந்தால் வாசரை மாற்றுங்கள்.

3. சம்ப்பில் மட்டம் இறங்குகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். வால்வை மூடி, மோட்டாரை நிறுத்தி, மழை நாளில் மட்டம் ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் அன்றே அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள்.

4. ஒழுகும் தொட்டிக்கு மட்டத்தை இறக்குவது வைத்தியம் அல்ல. ஓட்டையை அடைப்பதுதான் வைத்தியம்.

5. ப்ளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்குங்கள். ஆனால் சாக்கடை கலந்துகொண்டே இருக்கும் தொட்டிக்கு ப்ளீச்சிங் போடுவது, ஆறாத புண்ணுக்கு பவுடர் பூசுவது மாதிரி.

6. சந்தேகம் இருந்தால் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள். குமிழ் விட்டுத் தளதளவென்று கொதித்த பிறகு குறைந்தது ஒரு நிமிடம். சூடானால் போதாது. ஆறியதும் மூடி வையுங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர் இருக்கும் வீட்டில் மழைக்காலம் முழுக்க இதைச் செய்யுங்கள்.

7. தண்ணீரைச் சோதிக்க கிண்டி கிங் நிலையத்தில் ஆய்வகம் இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. கேட்டுக்கொண்டு போங்கள்.

8. சம்ப்பைச் சுத்தம் செய்ய யாரையும் உடனே இறக்காதீர்கள். மூடியை நன்றாகத் திறந்து வைத்து காற்றோட்டம் விட்ட பிறகு, மோட்டார் கரண்டைத் துண்டித்துவிட்டு, மேலே ஒருவர் நிற்க வேண்டும். மூடிய தொட்டியில் ஆக்சிஜன் குறைந்து ஆட்கள் மயங்கி விழுவது வருடா வருடம் நடக்கிறது.

9. காய்ச்சல் நாலு நாளைத் தாண்டினால் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். மருந்து தொடங்கும் முன் எடுக்கும் ரத்தக் கல்ச்சர்தான் டைஃபாய்டைச் சரியாகப் பிடிக்கும். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்தால் டைஃபாய்டு தடுப்பூசி உண்டு. உங்கள் குழந்தைகள் மருத்துவரிடம் கேளுங்கள்.

10. வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரில் பிரச்சினை என்று தெரிந்த நிமிடமே குடியிருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தாமதத்துக்கு நான் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றும் இங்கே மழை. கப்பல் சார் கேட்டில் நின்று, "டாக்டர் தம்பி, எத்தனை இன்ச்?" என்று கேட்டார்.

நேற்று ராத்திரி 52. இன்று காலையும் 52.


அரசு மருத்துவர், திருமழிசை